பதினேழு வட்டங்கள்

“உனக்கு லேபிள் படிக்கத் தெரியும்ல?”

மார்க்கிரட் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். தெரியும் என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தே சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது பதினாறு வயது. இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தேன். புது மனிதர்கள் முன்னால் எனக்குப் பேச வராது.

“அப்ப கவலையில்ல. எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டியிருக்கேன். எடுத்த எடத்துலயே வைக்கணும். மூடிய நல்லா இறுக்கணும், சரியா? லூசா விட்டா பூச்சி வந்துரும். ஈரக் கரண்டி போடவே கூடாது.”

அது 1981ஆம் ஆண்டு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. சிவசம்பு அங்கிள் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. யாழ்ப்பாணக் குடும்பம். அங்கிள் ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி இராசேஸ்வரி ஆன்டிக்குச் சீனப் புத்தாண்டு சமயத்தில் பக்கவாதம் வந்து, வலக்கையும் பேச்சும் போய்விட்டன. வலக்காலை இழுத்து இழுத்து நடப்பார். மருமகள் மார்க்கிரட் அக்கா ஸ்டாஃப் நர்ஸ். கணவரோடு பெட்டாலிங் ஜெயாவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். மற்ற நாட்களில் சமைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அம்மா என்னை அனுப்பிவைத்தார்.

அடுப்புக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில், வலைக்கதவு போட்ட ஓர் அலுமாரி. எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. உள்ளே பன்னிரண்டு கண்ணாடிப் போத்தல்கள், எல்லாம் ஒரே உயரம், எல்லாவற்றுக்கும் சிவப்புத் திருகு மூடி. மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லி, சீரகம், சோம்பு, வெந்தயம் என்று அக்கா பச்சை மையால் அழகாக எழுதி ஒட்டியிருந்தார். ஆன்டி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், பழையதையெல்லாம் ஒழித்துவிட்டு அக்கா வாங்கி அடுக்கியவை. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சீரகம் நாளிதழ்ப் பொட்டலத்திலேயே பிறந்து அதிலேயே முடிந்துபோகும்.

ஆனால் ஆன்டி சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றார் அங்கிள். கரண்டியில் ஊட்டினால் இரண்டு வாய். மூன்றாவது வாய்க்கு இடக்கையால் தட்டைத் தள்ளிவிடுவார். விழுங்குவதில் ஒரு கோளாறும் இல்லையென்று டாக்டர் சோதித்துச் சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் அக்கா அவரைத் தாங்கிப் பிடித்து எடைபார்க்கும் மெஷினில் ஏற்றுவார். நான் போன முதல் வாரம் நாற்பத்தொரு கிலோ. முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால்கஞ்சி இறக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். தினமும் பதினொரு மணிக்குச் சட்டி அடுப்பில் ஏறியதும் ஆன்டி சமையலறை வாசலுக்கு வருவார். நிலையைப் பிடித்துக்கொண்டு அலுமாரியையே பார்ப்பார். இடக்கையை அதை நோக்கி நீட்டுவார். முதல் நாள் பயந்துபோய் ஒவ்வொரு போத்தலாக எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், இல்லை, இல்லை என்று. பன்னிரண்டும் முடிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

“மார்க்கிரட்டும் இப்பிடித்தான் எல்லாத்தையும் கொண்டுவந்து காட்டினவ, பிள்ளை,” என்றார் அங்கிள், நாளிதழைத் தாழ்த்தாமலே. “கோர்ட்டில சாட்சிப் பொருள் காட்டுற மாதிரி. ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லேல்ல.”

“ஆன்டிக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரியாதா அங்கிள்?”

“எனக்கோ? நாப்பது வருசம் சாப்பிட்டிருக்கிறன். அந்த அலுமாரியை ஒருநாளும் திறந்ததில்லை. திறந்திருந்தா விரல் இருந்திருக்காது.”

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை பின்கதவருகே துணி காயப்போட்டபோது ஒரு சாக்குமூட்டை காலில் இடித்தது. உள்ளே டின்கள். மாவு டின், மார்ஜரின் டின், ஐம்பது சிகரெட் அடைத்து வரும் சின்ன டின்கள், ஒரு பெரிய வட்ட பிஸ்கட் டின். எல்லாம் அழுத்தி மூடுகிற மூடி போட்டவை. விளிம்புகளில் துரு. ‘பேப்பர் லாமா’ என்று கத்திக்கொண்டு வரும் பழைய சாமான் லோரிக்குப் போடுவதற்காக அக்கா கட்டி வைத்தது.

ஒரு டின்னைத் திறந்தேன். வெறும் டின்தான். ஆனால் மூக்கருகே கொண்டுபோனதும் மல்லி வாசனை வந்தது. அடுக்களைப் போத்தலில் இருந்த மல்லியைவிட அதிகமாக. அடுத்ததைத் திறந்தேன். சீரகம். அதற்கடுத்தது, அதுவும் சீரகம், ஆனால் வேறு மாதிரி. புகை பட்ட, கொஞ்சம் கசந்த சீரகம். துணி வாளியிலேயே கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து எல்லா மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். பதினேழு டின்கள்.

பதினேழு டின்னில் இருந்தது எப்படிப் பன்னிரண்டு போத்தலுக்குள் போனது?

அன்று மாலை பள்ளிக்கூடக் காலத்தில் மிஞ்சிய நோட்டில், யாரும் பார்க்காதபோது, எழுதிவைத்தேன். ‘சிகரெட் டின் மூன்று: கிராம்பு. சிகரெட் டின் நான்கு: வாசனை மிளகாய்த்தூள் மாதிரி, ஆனால் அடியில் ஒரு கிராம்பு ஒட்டியிருக்கிறது. ஏன்? (பூச்சிக்காகவா?) மார்ஜரின் டின்: தெரியவில்லை. மறுபடி மோந்து பார்க்கணும்.’ எழுதினேனே தவிர உறக்கம் வருகிறவரை அந்த மார்ஜரின் டின்னே மூக்கில் நின்றது.

மறுநாள் லோரிக்காரன் தெருமுனையில் கத்தும் சத்தம் கேட்டதும் மூட்டையைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். இன்னும் மோந்து முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அலுமாரித் தட்டுகளில் அக்கா பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தார். ஒரு மூலையைத் தூக்கினேன். அடியில் பழைய நாளிதழ். அதன்மேல் பழுப்பு நிறத்தில் வட்டம் வட்டமாகத் துருக்கறை. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடைவெளியே இல்லாமல். எல்லாத் தட்டிலும் சேர்த்து எண்ணினேன். பதினேழு வட்டம். ஒரு டின்னை எடுத்து ஒரு வட்டத்தின்மேல் வைத்தேன். பொருந்தவில்லை. பக்கத்து வட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. அங்கிள் நாளிதழ் படித்து முடிப்பதற்குள் எந்த டின் எங்கே நின்றது என்பதை, ஒரே அளவு டின்களை அடித்துருவின் தழும்பு பார்த்துப் பிரித்து, நோட்டில் படமாகப் போட்டுவிட்டேன்.

படத்தைப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் புரிந்தது. அடுப்புச் சூடு படுகிற பக்கம் எல்லாம் பொடிக்காமல் முழுசாக இருப்பவை: கடுகு, மிளகு, பட்டை, கிராம்பு. தூள்கள் எல்லாம் தள்ளி, கீழ்த்தட்டில், சிமென்ட் தரையின் குளிர்ச்சிக்குப் பக்கத்தில். எது சீக்கிரம் வாசனை போகுமோ அது தூரத்தில். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. எல்லா மூடிகளின் ஓரத்திலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கீறல். சுற்றிவரக் கீறல் இல்லை. கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பிய தடம், தினமும் அதே இடத்தில், மூடியே அங்கே கொஞ்சம் வளைந்துபோகும் அளவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது முழுத் தைரியத்தையும் திரட்டிக் கேட்டேன். “அக்கா, முன்னால பதினேழு டின்னு இருந்துச்சாமே. இப்ப பன்னெண்டு போத்தல்தான்…”

“ரெண்டு சீரகம், ரெண்டு மிளகாத்தூள், ரெண்டு மல்லி, ரெண்டு சோம்பு. ஒரு வீட்டுக்கு எதுக்கு லா ரெண்டு ரெண்டு? ஒண்ணாக் கொட்டிட்டேன். அந்த ஒரு கறுப்புத் தூள் கருகிப்போன மாதிரி இருந்துச்சு, அத வீசிட்டேன். ஏன், பாதிய நான் திருடிட்டுப் போயிட்டேன்னு நெனச்சியா?”

அக்கா சிரித்தார். பிறகு ஆன்டியை மெஷினில் ஏற்றினார். சிரிப்பு போய்விட்டது. முப்பத்தெட்டரை. அக்கா தரையில் குந்தியபடியே அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்கலாம் மாமி,” என்றார். “அப்பவும் சாப்பிடலன்னா நானே வந்து குழாய் போட்டுர்றேன். எனக்கு வேற வழி தெரியல மாமி. கோவிச்சுக்காதீங்க.”

ஆன்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கறுப்புத் தூள். மார்ஜரின் டின்னில் இருந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். வறுத்து அரைத்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள். அது இல்லாததால்தான் ஆன்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். டின்னுக்குள் மூக்கை விட்டு, ஒரு வாசனையாக இருந்ததைப் பிரித்துப் பிரித்து எழுதினேன். மிளகாய், மல்லி, சோம்பு, மிளகு, கறிவேப்பிலை. எங்கோ அடியில் வெந்தயம். பிறகு அகமது அண்ணன் மளிகைக் கடைக்குப் போனேன்.

“எல்லாத்துலயும் அம்பது அம்பது கிராமா?” என்று அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன தங்கச்சி, பொம்மைக்குக் கல்யாணம் வைக்கிறியா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

முதல் தடவை வறுத்ததில் பச்சை வாசனை போகவில்லை. இரண்டாவது கருகியது, அங்கிள் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். மூன்றாவது தடவை இடித்துச் சலித்து டின்னுக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறி மோந்தபோது எது டின், எது தூள் என்று தெரியவில்லை. புதன்கிழமை அதைப் போட்டு மீன்குழம்பு வைத்தேன்.

ஆன்டிக்கு வாசனை தெரிந்துவிட்டது. முதல் கரண்டியிலேயே நிமிர்ந்து பார்த்தார். இரண்டு, மூன்று, நான்கு வாய். ஐந்தாவது வாய்க்கு இடக்கை எழுந்து தட்டைத் தள்ளியது. அந்தக் கையே பிறகு சமையலறைப் பக்கம் நீண்டது.

அன்று நோட்டில் ‘தப்பு’ என்று மட்டும் எழுதினேன். ருசி இல்லை என்றால் வேறென்ன? அலுமாரியில் அவருக்கு வேண்டிய பொருள் இருந்தால் நான் காட்டியபோதே ஆமாம் என்று தலையசைத்திருப்பாரே. பொருள் எதுவும் வேண்டாம், ஆனால் அலுமாரி வேண்டும். இதற்கு என்ன அர்த்தம்?

வெள்ளிக்கிழமை அங்கிளிடம் போனேன். “ஆன்டி சமைக்கும்போது எப்படி நிப்பாங்க அங்கிள்?”

“எப்பிடி நிக்கிறது? காலால்தான்.” அங்கிள் தன் பகடிக்குத் தானே சிரித்துவிட்டு யோசித்தார். “இஞ்ச பார் பிள்ளை, அவ குழம்பு வைக்கேக்க ருசி பாக்கமாட்டா. சாமிக்குப் படைக்க முதல் நாக்கில வைக்கிறதில்லை, அது எங்கட வீட்டுப் பழக்கம். எல்லாம் மணந்துதான். அதால சட்டியை விட்டு அசையவும் மாட்டா. வலக்கை அகப்பையில. மற்றக் கை தன்ர பாட்டுக்கு அலுமாரிக்குள்ள போய் எடுத்துக்கொண்டு வரும். வாய் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும். மூண்டும் ஒரே நேரத்தில.”

நான் சமையலறைக்கு ஓடினேன். வலக்கையில் அகப்பையைப் பிடித்தபடி இடக்கையால் சீரகப் போத்தலைத் திருகினேன். மூடி திறக்கவில்லை; போத்தல்தான் தட்டில் சுழன்றது. நெஞ்சோடு அணைத்துத் திருகிப் பார்த்தேன். நழுவியது. பதினாறு வயதுக் கை, அதுவும் முடியவில்லை. மூடியை இறுக்கி இறுக்கி மூடியவள் நானேதான்.

மூடியில் ஒரே இடத்தில் கீறல் விழுந்த காரணம் அப்போது விளங்கியது. டின்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றதால் அசையாது. தட்டின் முன்விளிம்பில் மரச்சட்டம் இருந்ததால் முன்னால் வழுக்காது. எடுக்கவே வேண்டாம், நின்ற இடத்திலேயே ஒரு கையால் காம்பை நுழைத்து ஓர் அழுத்து அழுத்தினால் போதும். நாற்பது வருடமாக அந்த அலுமாரியைத் திறந்தது அவருடைய இடக்கை. பக்கவாதம் விட்டுவைத்த கை.

சனிக்கிழமை டின்களைத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். தண்ணீர் படவிடவில்லை. துரு உதிர்ந்த இடங்களைத் துணியால் தேய்த்தேன். போத்தல்களில் இருந்ததை மாற்றினேன். கலந்துபோனதற்குப் பதில் புதிதாக வாங்கி, வறுக்க வேண்டியதை வறுத்து, மிளகாய்த்தூளில் மறக்காமல் ஒரு கிராம்பு போட்டேன். பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவிட்டு, படத்தைப் பார்த்து ஒவ்வொரு டின்னையும் அதனதன் வட்டத்தில் இறக்கினேன். கடைசி டின் உள்ளே போக மற்றவை இடித்துக்கொண்டு வழிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கிரட் அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். கையில் குழாய் இருந்த ஆஸ்பத்திரிப் பை. அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவ வந்தவர், தொட்டியில் பன்னிரண்டு வெறும் போத்தல்களைப் பார்த்தார். பிறகு அலுமாரியைப் பார்த்தார்.

“என்ன இது? லெட்சுமி, என்ன இது? துருப்புடிச்ச டின்னு! சீக்காளி இருக்கிற வீட்ல! எவ்வளவு நேரம் உக்காந்து கழுவி ஒட்டினேன் தெரியுமா? யார கேட்டு மாத்துன?”

சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும். வரிசையாகத் தெரியும். “மூடி…” என்றேன். “மூடிக்கா…”

“என்ன மூடி?”

அடுப்பில் மீன்குழம்புக்குப் புளிக்கரைசல் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் தூள் போடவில்லை. காலை இழுக்கும் சத்தம் கேட்டது. ஆன்டி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலுமாரியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

நான் விலகி நின்றேன். ஆன்டி அடுப்புக்கு எதிரே நின்று இடுப்பைத் திண்டில் சாய்த்துக்கொண்டார். வலக்கை தொங்கியது. இடக்கை, கண்கள் சட்டியிலேயே இருக்க, அலுமாரிக்குள் போனது. டின்களின் தலையைத் தடவிக்கொண்டே நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. ஆணியில் தொங்கிய கரண்டியை எடுத்து, காம்பை மூடியின் ஓரத்தில் நுழைத்தது. முதல் முறை வழுக்கியது. அக்கா சட்டென்று முன்னால் போய் டின்னைப் பிடித்துக்கொடுக்கக் கை நீட்டினார். ஆன்டி முழங்கையால் அந்தக் கையைத் தள்ளினார். மெதுவாக இல்லை, நன்றாகவே.

இரண்டாம் முறை ‘டொக்’ என்று மூடி எழும்பியது.

கரண்டி நுனியில் எடுத்த கறுப்புத் தூளை மூக்கருகே கொண்டுபோனார். என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டின் ஒரு பக்கத்தைக் கோணினார். நான் செய்த தூள் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். இன்னொரு டின்னைத் திறந்தார், வறுத்த சீரகம். அதிலிருந்து ஒரு சிட்டிகை. இரண்டையும் சட்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மணம் மாறியது. இத்தனை நாள் மோந்தும் எனக்குத் தெரியாமல் போன ஏதோ ஒன்று அந்தச் சிட்டிகையில் இருந்தது.

“ஆரது சமைக்கிறது?” என்று முன்னறையிலிருந்து அங்கிள் கேட்டார். எழுந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

அங்கிள்தான் ஒரு கரண்டி குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துப்போய்ச் சாமி அறையில் வைத்துவிட்டு வந்தார். நான் சோறு போட்டேன். ஆன்டி முக்காலியில் உட்கார்ந்து கரண்டியைத் தானே இடக்கையில் வாங்கிக்கொண்டார். சோறு கொஞ்சம் மடியில் சிந்தியது. யாரும் ஊட்டப் போகவில்லை. நான்காவது வாய் போயிற்று. ஐந்தாவதும் போயிற்று. தட்டில் பாதிக்குமேல் தீர்ந்ததும் குழம்புக் கிண்ணத்தைத் தட்டி இன்னும் கேட்டார்.

அக்கா அலுமாரிக்கும் ஆன்டிக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். தொட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, அதன் சிவப்பு மூடியை ஒரு கையால் திருகிப் பார்த்தார். முடியவில்லை. போத்தலை மறுபடி தொட்டியில் வைத்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது மேசைமேல் இருந்த ஆஸ்பத்திரிப் பை அவர் தோளில் இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார்.